இரும்பு வரவேண்டிய பக்கம்

முதுகின் நடுவில், உள்பாடியின் கொக்கி உட்காரும் இடத்துக்கு நாலு விரல் கீழே, வலி ஒரே இடத்தில் நின்றது. அவளுக்குப் பழக்கமான வலிகள் எல்லாம் நடமாடுகிறவை. தோளில் தொடங்கி முழங்கைக்கு இறங்கும். இடுப்பில் தொடங்கித் தொடைக்குப் போகும். படுத்து எழுந்தால் பாதி குறைந்திருக்கும். இது குறையவும் இல்லை, நகரவும் இல்லை. ஆணி அடித்து மாட்டின மாதிரி அங்கேயே இருந்தது.

அன்று மத்தியானம் மூன்று மணி நேர வேலை பாக்கி இருக்கும்போது வந்த வலி. நீராவிச் சலவைக் கூடத்தில், பிழியும் எந்திரத்திலிருந்து விரிப்புகள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வெளியே வரும். உருளை இஸ்திரியில் விடுவதற்கு முன்னால் இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து ஒரே உதறாக உதற வேண்டும். ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் அனுப்புகிற விரிப்புகள், ஒரு நாளைக்கு அறுநூறு. இருபத்திரண்டு வருஷமாக உதறிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கும் உதறினாள். உள்ளே ஏதோ டக்கென்றது. எதிரில் நின்றவளுக்குக்கூடக் கேட்டதாம். எந்திரத்தில் பித்தான் மாட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று அவள் குனிந்து தேடியிருக்கிறாள்.

கூடத்தில் அவளுக்கு நெட்டை என்றுதான் பெயர். சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருந்தது. உயரக் கம்பியில் ஸ்டூல் போடாமல் துணி மாட்டுகிற ஒரே ஆள் அவள்தான். வயது ஐம்பத்து நாலு. வலியோடு மிச்சமிருந்த மூன்று மணி நேரத்தையும் உதறி முடித்து, மழையில் நடந்தே வீட்டுக்கு வந்து, உருளைக்கிழங்கு வேகவைத்துப் புருஷனுக்குப் போட்டுவிட்டுப் படுத்தாள். காலையில் எழுந்திருக்க முடியவில்லை.

புருஷன் தானியக் கிடங்கில் மூட்டை தூக்கும் செட்டுக்கு மேஸ்திரி. அவருக்குக் கீழே எட்டுப் பேர். அறுபதை நெருங்கிய வயசிலும் ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் வாங்கிச் சாய்வுப் பலகையில் ஏறுவார். முதுகு பிடித்துக்கொள்வதெல்லாம் அவருக்குச் சளி பிடிப்பது மாதிரி. பிடிக்கும், விட்டுவிடும். சூடாக ஒத்தடம் கொடுத்தார், தைலம் தேய்த்தார். இரண்டாம் நாள் கழிப்பறைக்குப் போக அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தவள் வாயிலிருந்து சத்தமே வரவில்லை, கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டியது. முப்பத்தொரு வருஷத்தில் பிரசவத்தின்போதுதான் அவளை அப்படிப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

எலும்பு டாக்டர் முப்பது வயதுகூட ஆகாத பெண். படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டு, கீழே விழுந்தீர்களா, யாராவது இடித்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள் நெட்டை.

"அப்ப என்னம்மா செஞ்சீங்க?"

"ஒரு பெட்ஷீட்டை உதறினேன்."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். மேஸ்திரிக்குத்தான் தாங்கவில்லை. ஒரு பெட்ஷீட்டா, வெறும் துணியா என்று இரண்டு தடவை கேட்டார். டாக்டர் பேனா நுனியால் படத்தில் காட்டினாள். மேலேயும் கீழேயும் இருக்கிற முள்ளெலும்புகள் சதுரமாக இருந்தன. ஒன்று மட்டும் முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தது. எலும்பு புரையோடிவிட்டது, மாதவிடாய் நின்ற பிறகு பல பெண்களுக்கு இப்படி ஆகிறது, ஒடிகிற வரைக்கும் சொல்லிக்கொள்ளாது, உள்ளே ரொட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் என்றாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள். இது முதல் எலும்பு இல்லை. மேலே இன்னும் இரண்டு எப்போதோ நசுங்கிக் கூடியிருக்கின்றன.

நர்ஸ் அவளை மெதுவாகச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தாள். நூற்று அறுபத்தைந்து. வேலைக்குச் சேரும்போது எழுதின அட்டையில் நூற்று எழுபத்திரண்டு என்று இருந்தது.

"ஏழு சென்டியா?" என்றாள் நெட்டை. "எங்க போச்சு?"

 அவள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள், ஏதோ கீழே சிந்திக் கிடக்கிற மாதிரி.

ஊசி எழுதிக்கொடுத்தார்கள், மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள், முதுகுக்கு ஒரு பெல்ட்டும் எழுதினார்கள். மேஸ்திரி மருந்து வரிசையில் போய் நின்றார். வரிசை நீளம். அந்த நேரத்தில்தான் உள்ளே, பெல்ட் கட்டுகிற அறையில், நாற்பது வயதிருக்கும் ஒரு அம்மா அவளை மல்லாக்கப் படுக்கவைத்து அளவெடுத்து மாட்டிவிட்டாள். சிலுவை மாதிரி அலுமினியச் சட்டம். அதன் மேல் நுனியில் நெஞ்செலும்புக்கு ஒரு மெத்தை, கீழ் நுனியில் அடிவயிற்றுக்கு ஒரு மெத்தை. பின்னால் அகலமான ஒரு பட்டை, நடுமுதுகில் பதிய ஒரு மெத்தை. எழுந்திருக்கும் முன்னால் படுத்தபடியே மாட்ட வேண்டும். உட்கார்ந்தாலும் நின்றாலும் அது உடம்பில் இருக்க வேண்டும். குனியக் கூடாது. நிறைந்த கெட்டிலைவிடக் கனமாக எதையும் தூக்கக் கூடாது. மூன்று மாதம். கட்டுகிற அம்மா ஒரு தாளும் கொடுத்தாள். அதில் பெல்ட் மாட்டிய ஆள் ஒன்று வரைந்திருந்தது. அந்த ஆளுக்கு முகம் இல்லை, வெறும் உருண்டை.

மேஸ்திரி மருந்தோடு வந்தபோது அவள் பெல்ட்டுக்கு மேல் சட்டையும் சால்வையும் போட்டிருந்தாள். அன்று சாயங்காலம் வீட்டில் படுக்கவைத்துக் கழற்றும்போதுதான் அவர் அதை முழுசாகப் பார்த்தார். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"யாரு இதை மாட்டினது? இரும்பை எல்லாம் கொண்டாந்து வயித்துமேல வெச்சிருக்காங்க."

முன்னால்தான் வர வேண்டும் என்று அந்த அம்மா சொன்னதை அவள் சொன்னாள்.

"உனக்கு வலி எங்க? முதுகுல. ஒடிஞ்சது எங்க? முதுகுல. அப்ப இரும்பு எங்க வரணும்? கையொடிஞ்சா காலுக்கா கட்டை வெச்சுக் கட்டுவாங்க?"

"நூறு பேருக்கு மாட்டியிருப்பாங்க அவங்க."

"நான் முப்பத்தஞ்சு வருஷமா பெல்ட்டுலதான் சோறு தின்னறேன். பெல்ட்டைப் பத்தி எனக்குச் சொல்றியா?"

 கிடங்கில் மூட்டைக்காரர்கள் இடுப்பில் ஒரு சாண் அகலத் தோல் பட்டை கட்டிக்கொண்டுதான் பாரம் தூக்குவார்கள். அகலமான, கெட்டியான பக்கம் பின்னால் இருக்கும், பக்கிள் முன்னால். எத்தனையோ முதுகுகளை அந்தப் பட்டையால் காப்பாற்றினவர் மேஸ்திரி. புது ஆள் வந்தால் முதல் மாதம் அவர் கையால்தான் கட்டிவிடுவார். அவர் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகமில்லாத அந்த ஆள் நெஞ்சைக் காட்டுகிறானா முதுகைக் காட்டுகிறானா என்று தெரியவில்லை. இது முதுகுப் பக்கத்துப் படம்தான், அந்த அம்மா படத்தையே தப்பாகப் பார்த்திருக்கிறாள் என்று முடிவு கட்டினார்.

மறுநாள் காலையில் சட்டம் பின்னாலும் பட்டை முன்னாலுமாக மாட்டிவிட்டார். தண்டுவடத்தில் அலுமினியம் நேராகப் படிந்தது. பார்க்கிறதுக்கு அதுதான் பொருத்தமாக இருந்தது. அவளுக்கும் பின்னால் ஏதோ கெட்டியாக இருக்கிற தைரியம் வந்தது. தைரியம் வலியைக் கொஞ்சம் மறைக்கவும் செய்தது.

செட்டு ஆட்கள் இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். மழைக்கோட்டைக் கழற்றி வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்து, டீ குடித்து, பெல்ட்டைத் தட்டிப் பார்த்தார்கள்.

"மேஸ்திரி, அண்ணிக்கும் நம்ம செட்டுல ஒரு இடம் போட்டுடலாம். பலகைல ஏத்தி விட்டா ரெண்டு மூட்டை ஒண்ணா தூக்கும் போல இருக்கு."

"கூலி பேசுங்க மொதல்ல," என்றாள் நெட்டை. சிரித்தால் வலித்தது. ஆனாலும் சிரித்தாள்.

பெல்ட் என்றால் அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான். பாரம் தூக்கும்போது கட்டுவது, உட்காரும்போது அவிழ்ப்பது. கிடங்கில் யாரும் பட்டையோடு உட்கார்ந்து ரொட்டி தின்ன மாட்டார்கள். மூச்சு விட முடியாது. அதனால் சாப்பிடும்போது அவிழ்த்துவிட்டார்கள். நாற்காலியில் வளைந்து உட்கார்ந்து அவள் கிழங்கு உரிப்பாள். அடுப்படிக்குப் போகும்போது, தண்ணீர் வாளி நகர்த்தும்போது கட்டிக்கொள்வாள். வாளியைத் தூக்காதே என்று அவர் சொல்லவில்லை. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தூக்கு என்றுதான் சொன்னார்.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. அவள் பஸ் கண்டக்டர், நாலு நிறுத்தம் தள்ளிப் புருஷன் வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். அம்மா சட்டைக்குள்ளே பெல்ட் போட்டிருக்கிறாள், நேராக உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போவாள். பொருந்துகிறதா என்று கேட்டாள். பொருந்துகிறது என்றார் அப்பா.

சலவைக் கூடத்து சூப்பர்வைசர் ஒரு மாதம் இடம் பிடித்து வைக்கிறேன், அதற்குமேல் என் கையில் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். பெல்ட்டைத் திருப்பி மாட்டின இருபத்து நாலாம் நாள் நெட்டை, போய் முகத்தைக் காட்டிவிட்டு வருகிறேன், உதற வேண்டாம், துண்டு மடிக்கிற மேசையில் நிறுத்தச் சொல்லிக் கேட்கிறேன் என்றாள். காலையில் நல்ல காற்று. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. அவள் இளைத்துப்போயிருந்தாள், பெல்ட் தொளதொளவென்று சரிந்தது. கூடத்துக்குள் குனிந்து நிமிர்ந்து நடந்தால் அவிழ்ந்துவிடும் என்று மேஸ்திரிக்குப் பட்டது.

கிடங்கில் பட்டை இறுக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. கட்டிக்கொள்கிறவன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பான். கட்டுகிறவன் பின்னாலிருந்து அவன் முதுகில் முழங்கால் முட்டியை வைத்து அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் வாரை இழுப்பான். கையால் மட்டும் இழுத்தால் வராத இரண்டு துளை அப்படி இழுத்தால் வரும். மேஸ்திரி ஆயிரம் முதுகுக்கு இதைச் செய்திருக்கிறார்.

அவளைச் சுவரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மூச்சை இழுக்கச் சொன்னார். முட்டியைச் சட்டத்தின்மேல் வைத்தார்.

"போதும்ங்க," என்றாள்.

"இன்னும் ஒரு இழு."

வார் வந்தது. கூடவே ஒரு சத்தமும் வந்தது. காய்ந்த சுள்ளியைக் காலால் மிதித்த மாதிரி. முதலில் சட்டம்தான் உடைந்துவிட்டது என்று நினைத்தார். சட்டத்தைத் தடவிப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. அவள் சுவரைப் பிடித்தபடியே மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். அவர் கையில் வார் இருந்தது. அதை விட வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் வண்டி கூப்பிட்டார். ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் மேஸ்திரி, என்ன ஆச்சு என்று கேட்ட தையல்காரரிடம், பெல்ட், பெல்ட் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அதே டாக்டர். புதுப் படத்தைப் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். நசுங்கின எலும்பு இன்னும் நசுங்கியிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று புதிதாக நசுங்கியிருந்தது. பின்பக்கத்து விலா ஒன்றில் கீறல். டாக்டர் விலாவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேஸ்திரியை வெளியே நிற்கச் சொன்னாள்.

வெளியே என்றால் ஒரு துணித் திரைதான். அதற்கு இந்தப் பக்கம் நின்றார். எல்லாம் கேட்டது.

"அம்மா, குனிஞ்சா முதுகெலும்பு நசுங்கும். விலா எலும்பு பின்னாடி இப்படிக் கீறாது. யாராவது அடிச்சாங்களா? பயப்படாம சொல்லுங்க. வீட்டுக்காரர் கை வெப்பாரா?"

 கிடங்கில் வாய்த்தகராறு வந்தால்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசுகிறவர் மேஸ்திரி. பெண்டாட்டியை அடிக்கிறவன் என் செட்டில் இருக்க முடியாது என்று ஒருவனை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார். திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அம்மா, நான் அடிக்கவில்லை, முட்டி வைத்துப் பெல்ட் இறுக்கினேன் என்று சொல்ல வேண்டும். வாக்கியம் முழுசாக வாயில் இருந்தது. முட்டி வைத்தேன் என்பதைத் தனியாகச் சொல்லிப் பார்த்தார். அது அடித்தேன் என்பதைவிட மோசமாகக் கேட்டது. கால் நகரவில்லை.

"சீ, அவரு அப்படிப்பட்ட ஆளில்ல," என்று திரைக்கு அந்தப் பக்கம் அவள் குரல் வந்தது. மூச்சு விட்டு விட்டுப் பேசினாள். "நானேதான். பெல்ட் தொளதொளன்னு இருந்துச்சு. கதவு நிலைல முதுகை முட்டுக் குடுத்து இறுக்கினேன்."

"நீங்களேவா?"

"நானேதான்."

டாக்டர் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு எழுதினாள்.

பெல்ட் கட்டுகிற அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து நெட்டையை ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சட்டையை விலக்கினாள். முதுகில் சிலுவை மாதிரிச் சட்டத்தின் தடம் பதிந்து கன்றிப்போயிருந்தது. அந்த அம்மா அதை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியை உள்ளே வரச்சொல்லி அந்தத் தடத்தைக் காட்டினாள்.

"இதைத் திருப்பி மாட்டியிருக்காங்க. இத்தனை நாளும் இப்படித்தானா?"

"நான்தான் மாத்திட்டேன்," என்றாள் நெட்டை, சுவரைப் பார்த்துப் படுத்தபடி. "இரும்பு பின்னாடி இருந்தா கெட்டியா இருக்கும்னு நெனச்சேன்."

அந்த அம்மா கோபப்படவில்லை. வீட்டில் யாருக்காவது சரியாகப் புரிய வேண்டும் என்று மேஸ்திரி பக்கம் திரும்பி, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். மூட்டை என்றார்.

"சரி, ஒரு மூட்டை அடுக்கு முன்பக்கமா சாயுதுன்னு வெச்சுக்குங்க. முட்டுக் கட்டையை எங்க குடுப்பீங்க?"

"முன்னாடி," என்றார் மேஸ்திரி.

யோசிக்காமலே வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷமாக ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த பதில். சாய்கிற பக்கத்தில் கொடுக்காமல் பின்னால் போய்க் கட்டையை அழுத்துகிறவனை அவர் கெட்ட வார்த்தையில் திட்டுவார். அடுக்கையே தள்ளிவிடுறியேடா என்பார். அந்த அம்மா மேலே சொல்லிக்கொண்டே போனாள். எலும்பின் முன்பக்கம்தான் நசுங்குகிறது, உடம்பு முன்னால்தான் மடங்கப் பார்க்கிறது, நெஞ்சிலும் அடிவயிற்றிலும் சட்டம் தாங்கி, பின்னாலிருந்து பட்டை அணைத்தால்தான் நிமிர்ந்து நிற்கும். அவர் காதில் எதுவும் விழவில்லை. திருப்பி மாட்டி, அதன்மேல் முட்டியையும் வைத்து, இருபத்து நாலு நாளாக ஒரு அடுக்கைத் தன் கையாலேயே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். உட்கார இடம் தேடினார். ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தது, தெரியவில்லை. தரையில் உட்கார்ந்தார். அந்த அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தபோது, உறிஞ்சுகுழாய் போட்டு அவளுக்கு டீ குடிக்கக் கொடுத்துக்கொண்டே அவர் கேட்டார், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

"பின்ன எப்படிச் சொல்லச் சொல்றீங்க? முட்டி வெச்சாருன்னு சொன்னா அந்தப் பொண்ணு சும்மா எழுதிட்டுப் போயிடுமா? போலீசு, விசாரணைன்னு நீங்க நின்னுட்டிருந்தா என்னை யாரு கழிப்பறைக்குத் தூக்கிட்டுப் போறது?"

அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்லியிருக்கலாம்," என்றாள் அவள். "திரைக்கு அந்தப் பக்கம்தான நின்னீங்க. அடியில உங்க செருப்பு தெரிஞ்சுது. வந்துடுவீங்க, வந்துடுவீங்கன்னு செருப்பையே பாத்துக்கிட்டிருந்தேன். அது நகரல. அதான் நான் பேசினேன்."

 அவள் குழாயைப் பல்லால் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் குடித்தாள்.

"மககிட்ட நான் சொல்லிடறேன்," என்றார்.

"சொல்லுங்க. எனக்காக வேணாம். இல்லேன்னா பாவம், அது தெரியாம என்னைத்தான் வந்து திட்டும்."

சலவைக் கூடத்து இடம் போய்விட்டது. சூப்பர்வைசர் நேரிலேயே வந்து சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு ஒரு பழப்பையை வைத்துவிட்டுப் போனார். உயரக் கம்பிக்கு இப்போது ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார்களாம். ஆஸ்பத்திரியை விடும் முன் உயரம் மறுபடி பார்த்தார்கள், இன்னும் இரண்டு சென்டி குறைந்திருந்தது. இந்தத் தடவை எங்கே போச்சு என்று அவள் கேட்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மேஸ்திரி கிடங்குக்கு அரை நாள்தான் போனார். காலையில் படுக்கையிலேயே அவளைக் கட்டை உருட்டுகிற மாதிரி உடம்பு முறுக்காமல் ஒருக்களிக்க வைத்து, பட்டையை அடியில் நுழைத்து, மல்லாத்தி, சட்டத்தை நெஞ்சில் வைத்து மாட்டுவார். ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மட்டும் இறுக்குவார். விரலை நுழைத்துப் பார்ப்பார், எடுப்பார், மறுபடி நுழைத்துப் பார்ப்பார். அந்த நேரத்தில் அவர் மூச்சு விடுகிற சத்தம் அவளுக்குக் கேட்கும். வாளிகளையெல்லாம் தூக்கித் தையல்காரர் வீட்டில் வைத்துவிட்டார். செட்டில் புது ஆள் சேர்ந்தபோது பட்டை கட்டிவிட மறுத்துவிட்டார். கைவலி என்றார். வேறொருவன் கட்டிவிட்டான். முட்டி வைக்கிற இடத்தில் மேஸ்திரி எழுந்து வெளியே போய்விட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து, ஷிப்டு உடையைக்கூட மாற்றாமல் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அவளிடம் எல்லாவற்றையும், அதாவது அம்மா சொன்ன எல்லாவற்றையும், சொல்லியிருந்தாள். சொந்தப் புத்தியில் பெல்ட்டைத் திருப்புவார்களா, கதவு நிலையில் போய் முட்டிக்கொள்வார்களா, ஒரு போன் போட்டால் வந்திருக்க மாட்டேனா என்று அடுக்கினாள். நெட்டை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். மேஸ்திரி அடுப்படியில் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். உரித்த முட்டையை மறுபடி கழுவினார்.

இரண்டாம் ஞாயிறு அவர் வாயைத் திறந்தார். மகள் நிமிர்ந்து பார்த்தாள். உன் வண்டியில் கூட்டம் எப்படி என்று கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனார். மூன்றாம் ஞாயிறு பேரனுக்குக் காய்ச்சல், மகள் வரவில்லை. அன்று காலை முழுக்க அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததை நெட்டை கவனித்தாள்.

நாலாம் ஞாயிறு வெயில். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து மகள் தலை வாரிவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்த அம்மாவின் உச்சந்தலை முன்பெல்லாம் தன் நெஞ்சுக்கு வரும், இப்போது எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்ததும் அவளுக்குக் கோபம் மறுபடி கிளம்பிவிட்டது.

"அந்த அம்மா மாட்டிவிட்டதை அப்படியே விட்டிருந்தா இன்னைக்கு நீ நடந்துட்டிருப்ப. யாரைக் கேட்டு மாத்தின? சொல்லும்மா. யாரைக் கேட்டு?"

நெட்டை தலையைத் திருப்ப முடியாது. பெல்ட் விடாது. கண்ணை மட்டும் ஓரமாகக் கொண்டுபோய் வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மகளும் அந்தப் பார்வை போன வழியே திரும்பினாள்.

"என்னப்பா?"

மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஊசி போடப் போகணும், மணியாச்சு," என்றார். "வண்டி பாத்துட்டு வரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். உள்ளே மகள் மறுபடி அம்மாவைத் திட்டத் தொடங்கியது தெருமுனை வரைக்கும் அவருக்குக் கேட்டது. பெல்ட்டைத் திருப்பினதும் நான்தான், முட்டியை வைத்ததும் நான்தான் என்று மகளிடம் சொல்லவேண்டியதை அவர் இன்னும் சொல்லவில்லை. பெண்டாட்டிக்கு அவர் தரவேண்டிய அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.